தலக்குளத்து மக்களும் சுவாமித்தோப்பு மக்களும்

தமிழ்நாட்டில் தேர்தல் அறிக்கைகள் வெளிவரும் நாட்களில் செய்தித்தாள்களில் தவறாமல் இடம்பிடிக்கும் ‘கவர்ச்சித் திட்டம்’, ‘ஜனரஞ்சக அறிவிப்பு’ என்னும் தொடர்கள், மேலைநாட்டார் ‘பாப்புலிசம்’ என்று வழங்கும் அரசியல் கருத்தின் ஓர் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைக் கைவிட்டுவிட்டவை. 2006இல் வண்ணத் தொலைக்காட்சியும் 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் வாக்குறுதிகளாக வந்தபோது, பாப்புலிசம் என்றாலே இலவசம் என்னும் பொருள் பொதுப்புத்தியில் உறைந்துபோயிற்று. கல்விப்புலத்தார் இதற்கு ‘வெகுஜனவாதம்’ என்று பெயரிட்டு, முற்றிலும் வேறொன்றைக் குறிக்கிறார்கள்: சமுதாயத்தை இரண்டாகப் பகுத்து, கீழே இருப்பவர்களே உண்மையான மக்கள் என்றும், மேலே இருப்பவர்கள் அவர்களை ஏய்த்துப் பிழைப்பவர்கள் என்றும் நிறுத்தி, அந்த மக்களின் பெயரால் ஒரு தலைவரோ இயக்கமோ பேச முற்படுவதே வெகுஜனவாதம். இந்தப் பொருளில் ஒரு படி அரிசிகூடக் கொடுக்காமல் வெகுஜனவாதம் நடத்தலாம். யாரையும் எதிரியாக்காமல் ஊருக்கெல்லாம் சோறு போடவும் செய்யலாம்.

சொல்லின் பிறப்பிடம் இரண்டு என்பர். ரஷ்யாவில் 1870களில் படித்த இளைஞர்கள் குடியானவர்களிடம் அரசியல் கற்கவும் கற்பிக்கவும் கிராமங்களுக்குச் சென்றார்கள். ‘நரோத்’ என்ற மக்களைக் குறிக்கும் சொல்லால் அவர்கள் நரோத்னிக்குகள் எனப்பட்டனர். அமெரிக்காவில் 1892இல் ரயில்வே முதலாளிகளையும் வங்கிகளையும் எதிர்த்து உழவர்கள் மக்கள் கட்சி கண்டார்கள். நூறாண்டுக்குப் பிறகு, நெதர்லாந்து அறிஞர் காஸ் மூட 2004இல் எழுதிய ஒரு கட்டுரை, ‘தூய மக்கள்’ ஒருபுறம், ‘சீர்கெட்ட மேட்டுக்குடி’ மறுபுறம் என்ற பிளவே வெகுஜனவாதத்தின் சாரம் என்று வரையறுத்தது. ஜெர்மானியரான யான்-வெர்னர் முல்லர் 2016இல் வெளியிட்ட நூலில், மேட்டுக்குடியை எதிர்ப்பது மட்டும் போதாது, ‘மக்களின் ஒரே குரல் நாங்களே’ என்று உரிமை கொண்டாடுவதே அதன் நஞ்சு என்று சேர்த்தார். அவர் கணக்கில் வெகுஜனவாதி தன்னை எதிர்ப்பவர்களை மக்கள் பட்டியலிலிருந்தே அடித்துவிடுகிறார். பெரோனின் அர்ஜென்டினாவில் வளர்ந்த எர்னெஸ்டோ லக்லாவ் மட்டும் எதிர்த்திசையில் நடந்தார். தண்ணீர் இல்லாதவர், கூலி கிடைக்காதவர், காவல்துறையிடம் அடிபட்டவர் என ஒருவரோடொருவர் தொடர்பில்லாத குறைகள் உடையவர்கள் ஒரு பொது எதிரியின் முன்னால் தங்கள் குறைகளைச் சமமாகக் கண்டு ஒரு சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும்போதுதான் ‘மக்கள்’ என்ற ஒன்றே உருவாகிறது என்றும், அதனால் வெகுஜனவாதம் அரசியலுக்கு வந்த நோய் அல்ல, அரசியலின் அடிப்படை வேலையே அதுதான் என்றும் 2005இல் வெளியான தம் நூலில் அவர் வாதிட்டார்.

இந்த மூவரும் தமக்குள் எவ்வளவு மாறுபட்டாலும் ஓரிடத்தில் ஒன்றுபடுகிறார்கள்: சமுதாயத்துக்கு மேல், கீழ் என்று இரண்டு தட்டுகளே உண்டு என்ற படத்தை மூவருமே ஏறத்தாழ ஏற்றுக்கொண்டு தொடங்குகிறார்கள். ஐரோப்பிய, அமெரிக்க அனுபவத்தில் பிறந்த அந்தப் படம் எல்லா நாட்டுக்கும் பொருந்துமா என்ற கேள்வியை எழுப்புவதே பண்பாடுகளுக்கிடையிலான அரசியல் தத்துவம் எனப்படும் துறையின் வேலை. ஒரு நாகரிகத்தின் கருத்தை இன்னொன்றின் அனுபவத்தில் உரசிப் பார்த்து, எது பொதுவானது, எது ஓரிடத்துச் சரக்கு என்று அது பிரித்துக் காட்டுகிறது. பழைய கிரேக்கத்தின் ‘தெமோஸ்’ என்ற சொல்லே குடிமக்கள் அனைவரையும் குறித்தது, அவர்களுள் ஏழைப் பெரும்பான்மையை மட்டும் குறித்தது என்று இருபொருள் பட்டது. அந்த இருபொருளின் நடுவில்தான் அரிஸ்டாட்டிலின் மக்களாட்சி பற்றிய ஐயங்கள் எல்லாம் குடியிருக்கின்றன. சீனத்தில் மென்சியஸ், மக்களே முதன்மை, அரசன் கடைசி என்று வரிசைப்படுத்தினார். தமிழில் புறநானூற்று மோசிகீரனார் நெல்லையும் நீரையும் தள்ளி மன்னனையே உலகின் உயிராக்க, பல நூற்றாண்டுகள் கழித்துக் கம்பர் அதைக் கவிழ்த்து, உலகத்து மக்களை உயிராகவும் மன்னனை அந்த உயிரைத் தாங்கும் உடலாகவும் வைத்தார். இவை உயர்ந்த சிந்தனைகளே. ஆனால் இவற்றில் எல்லாம் மக்களைப் பற்றிப் பிறர் பேசுகிறார்களே ஒழிய மக்கள் என்பவர் எவர் என்று யாரும் வரம்பு கட்டிக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி புலவர்களின் ஏட்டைவிட வரிகட்டியவர்களின் வாழ்க்கையில் கூர்மையாக எழுந்தது, அதற்கு நாஞ்சில் நாட்டைப் போல நல்ல சாட்சி அரிது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாடு, பன்னிரண்டு பிடாகைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பிடாகை என்பது பல ஊர்கள் சேர்ந்த ஒரு தொகுதி. பிடாகைகளின் பெரியவர்கள் கூடும் நாட்டுக்கூட்டம் நிலவரி, நீர்ப்பங்கீடு, படை வந்தால் ஊரைக் காப்பது போன்றவற்றைப் பேசியது; அதிகாரிகள் அளவுமீறி வரி கேட்டபோது கொடுப்பதில்லை என்று முடிவெடுத்த கூட்டங்களும் உண்டு. அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தில் கிடைத்த ஓலைகள் இந்த ஆட்சிமுறையைப் பற்றி நிறையச் சொல்கின்றன. அவற்றின் அருமையை முதலில் உணர்ந்தவர்களுள் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஒருவர். அரசனுக்கு எதிராக மக்கள் குரல் எழுப்பிய பழைய மரபு இது என்று மகிழ்ந்து சொல்லலாம், சொல்லியும் வருகிறார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் ‘நாட்டார்’ எனப்பட்ட நிலக்கிழார்கள். இன்று நாட்டார் வழக்காற்றியல், நாட்டார் பாடல் என்று சொல்லும்போது அந்தச் சொல் ஏட்டறிவு இல்லாத எளிய மக்களைக் குறிக்கிறது. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய நாஞ்சில் நாட்டில் அதே சொல் அந்த எளியவர்களை வயலில் இறக்கி வேலை வாங்கியவர்களைக் குறித்தது. உழுதவரும் பனையேறியவரும் நாட்டில் இருந்தார்கள், நாட்டாராக இல்லை.

இந்த நாட்டார் மரபின் உச்சத்தில் நிற்பவர் இரணியலுக்கு அருகே தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி. 1798இல் பதினாறு வயதில் திருவிதாங்கூரின் அரியணை ஏறிய பாலராம வர்மா, ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்து தரகன் ஆகிய மூவரின் கைப்பிடிக்குள் போனார். கருவூலம் காலியானதும் வசதியுள்ளவர்களிடம் பட்டியல் போட்டுப் பணம் பறிக்கும் வேலை தொடங்கிற்று. அந்தப் பட்டியலில் வேலுத்தம்பியின் பெயரும் இருந்தது. மூன்று நாள் தவணை கேட்டு ஊர் திரும்பிய அவர் பணத்துக்குப் பதில் ஆட்களைத் திரட்டிக்கொண்டு 1799இல் திருவனந்தபுரத்துக்குப் படையெடுத்தாற்போல் போய் நின்றார். கூட்டம் கேட்டவை தெளிவானவை: நம்பூதிரியை நாடு கடத்த வேண்டும், மீண்டும் அழைக்கக் கூடாது, மற்ற இருவரையும் எல்லாரும் பார்க்கக் கசையால் அடித்துக் காதுகளை அறுக்க வேண்டும், உப்பு வரியும் அண்மையில் போட்ட பிற வரிகளும் ஒழிய வேண்டும். அரசர் இணங்கினார், காதுகள் அறுபட்டன. தூய மக்கள், சீர்கெட்ட மேட்டுக்குடி, நடுவில் ஒரு தலைவன் என்று காஸ் மூட வரைந்த படத்துக்கு இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சியை ஐரோப்பாவிலேயே தேடித்தான் பார்க்க வேண்டும்.

அதற்குப் பின் நடந்ததும் அந்தப் படத்தின் தொடர்ச்சியே. சில ஆண்டுகளில் தளவாய், அதாவது தலைமை அமைச்சர், ஆன வேலுத்தம்பி லஞ்சத்தைக் கடுமையாக ஒடுக்கினார், கருவூலத்தை நிரப்பினார், செலவைக் குறைக்கப் படைவீரர்களின் படியில் கைவைத்தார். 1804இல் நாயர் படை அவருக்கு எதிராகவே கிளர்ந்தெழுந்தது. ஐந்தாண்டுக்கு முன் கூட்டத்தோடு வந்து அமைச்சர்களை இறக்கியவர் இப்போது கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவியோடு கூட்டத்தை அடக்கி, கிளர்ச்சித் தலைவர்களைக் கொடுமையான தண்டனைகளுக்கு உள்ளாக்கினார். 1805 உடன்படிக்கை கம்பெனிக்குத் திருவிதாங்கூர் கட்ட வேண்டிய ஆண்டுக் கப்பத்தை எட்டு லட்சம் ரூபாயாக்கியது. அந்தப் பணத்தின் சுமையும் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் மெக்காலேயின் தலையீடும் தாங்காமல்தான் அவர் 1809 ஜனவரியில் குண்டறையில் பேரறிக்கை வெளியிட்டு வெள்ளையர் மீது போர் தொடுத்தார். பிப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் கோட்டைச் சுவர் கம்பெனிப் படையிடம் விழுந்தது. வேலுத்தம்பி மண்ணடிக் கோயிலில் உயிர்விட்டார். நாட்டுக்காக உயிர் கொடுத்தவர் என்ற பெருமை அவருக்கு நியாயமாகவே உண்டு. ஆயினும் குண்டறைப் பேரறிக்கையைப் படிப்பவர் அதில் யார் மக்கள் என்பதைக் கவனிக்காமல் கடக்க முடியாது. வெள்ளையர் ஆண்டால் கோயில்களில் சிலுவையும் கொடியும் நாட்டுவார்கள், சாதி வரம்பு கலைந்துபோகும் என்ற அச்சம் அந்த அழைப்பின் நடு நரம்பு. வரம்பு கலைவதை அஞ்ச வேண்டியவர் வரம்பின் மேல்பக்கம் இருந்தவர். கீழ்ப்பக்கம் இருந்தவருக்கு அது எச்சரிக்கையா, நற்செய்தியா?

தலக்குளத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள், அன்று சாஸ்தாகோவில்விளை எனப்பட்டு இன்று சுவாமித்தோப்பாக விளங்கும் ஊரில், வேலுத்தம்பி மறைந்த அதே 1809இல் ஒரு சாணார் (இன்றைய வழக்கில் நாடார்) குடும்பத்தில் ஆண் குழந்தை பிறந்தது என்று அய்யாவழி மரபு சொல்கிறது. பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். பனையேறியின் மகனுக்கு முடி எங்கிருந்து வரும் என்று மேல்சாதியார் சீறவே பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. அன்றைய திருவிதாங்கூரில் அந்தச் சமூகத்தார் தலைப்பாகை கட்டக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. கூலியில்லாமல் அரசுக்கும் கோயிலுக்கும் செய்ய வேண்டிய வேலைக்கு ஊழியம் என்று பெயர். தலைக்கு வரி, பனைக்கு வரி. 1833 மாசி மாதத்தில் திருச்செந்தூர்க் கடலுக்குள் இறங்கிய முத்துக்குட்டி, வெளியே வந்தபோது தம்மை வைகுண்டர் என்று அறிவித்தார். அவரைப் பின்பற்றியோர் நெறியே அய்யாவழி. தமிழிலும் மலையாளத்திலும் எத்தனையோ மகான்கள் வந்து போயிருக்கிறார்கள். வைகுண்டரின் சொல் அரசியலாக ஒலித்ததற்குக் காரணம், அவருடைய புராணத்தில் அரக்கனுக்கு முகவரி இருந்ததுதான். அவருடைய சீடர் அரிகோபாலன் 1841இல் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை, கலியின் கொடுமையைப் பொதுவாகப் புலம்பிவிட்டு நிறுத்தாமல், திருவிதாங்கூர் அரசனைக் கலிநீசன் என்றும் வெள்ளையரை வெண்ணீசன் என்றும் பெயர் சொல்லிச் சுட்டியது. வரியும் ஊழியமும் அதில் பாவப் பட்டியலில் வருகின்றன.

அந்த நூல் மக்களுக்கு வைத்த பெயர் ‘சான்றோர்’. சங்க இலக்கியத்தில் நிறைகுணம் உடையோரையும் வீரரையும் குறித்த சொல், இங்கே ஊழியம் செய்து முதுகு வளைந்தவர்களின் பெயராகிறது. லக்லாவ் சொல்வதைப் போல ஒரு பெயர் சிதறிக் கிடந்தவர்களை ஒரு மக்களாக்கிவிடுகிறது. ஆனால் சான்றோர் என்பவர் ஒரு சாதியாரா, தாழ்த்தி வைக்கப்பட்டோர் அனைவருமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அகிலத்திரட்டில் இரண்டுக்கும் இடம் உண்டு. பிற மதங்கள் மீதான கடுஞ்சொற்களும் அதில் உண்டு, கிறித்தவச் சமயப் பரப்புச் சபையான லண்டன் மிஷனின் அறிக்கைகள் இந்த இயக்கத்தைத் தங்கள் பணிக்கு இடையூறாகக் குறித்ததும் உண்டு. வைகுண்டரைச் சமத்துவத்தின் மாசற்ற திருவுருவாக மட்டும் காட்டும் இன்றைய மேடைப்பேச்சுகள் இந்தச் சிக்கலைத் தொடாமல் விலகிப் போகின்றன. நூலை விட்டு நடைமுறையைப் பார்த்தால் விடை கொஞ்சம் தெளிகிறது. சுவாமித்தோப்பில் உள்ள தலைமை வழிபாட்டிடமான பதிக்கு அருகே உள்ள முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒரே நீரில் குளிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பொதுக்கிணற்றில் வாளி விட்டாலே தீட்டு என்றிருந்த ஊரில் அந்தக் கிணறு ஓர் அரசியல் சாசனத்தின் வேலையைச் செய்தது. பதியிலும், ஊர்தோறும் எழுந்த நிழல்தாங்கல் என்னும் சிறு வழிபாட்டிடங்களிலும், ஆண்கள் தலைப்பாகை கட்டியே வழிபட வேண்டும். முடிசூடும் பெருமாளிடமிருந்து பிடுங்கப்பட்ட முடி, அவரைத் தேடி வந்த ஒவ்வொரு தலையிலும் ஏறியது. கருவறையில் சிலைக்குப் பதில் கண்ணாடி. விளக்கொளியில் அதைப் பார்ப்பவர் காண்பது தம் முகத்தையே. தரையில் வரிசையாக அமர்ந்து, காய்கறியும் அரிசியும் ஒன்றாக வேகவைத்த உம்பான் சோற்றை வாங்கி உண்பவர்களில் யார் எந்தச் சாதி என்று கேட்கக் கூடாது.

இந்தச் செய்திகள் எல்லாவற்றிலும் கனமானது வைகுண்டரின் சிறைக்கதை. புகார்கள் பெருகவே திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் ஆட்கள் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரம் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் அடைத்தார்கள். விடுவிக்கும் வேளையில், இனித் தம் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வதாக ஒரு பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்று அரசு கேட்டதாகவும், அவர் அதற்கு இணங்கவில்லை என்றும் அய்யாவழியினர் சொல்லி வருகிறார்கள். கலிநீசன் என்று திட்டியதை மன்னிக்க அந்த அரசு ஆயத்தமாக இருந்தது. ஒரு சாதியின் தலைவராக அவர் இருப்பதையும் அது தாங்கிக்கொண்டிருக்கும். சாதி தாண்டி ஆட்கள் சேர்வதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மக்கள் என்ற பெயரின் எல்லை எங்கே நிற்க வேண்டும் என்பதை ஆள்வோர் எவ்வளவு கூர்மையாகக் கவனித்தார்கள் என்பதற்கு அந்தப் பத்திரம் ஒன்று போதும்.

மேலைநாட்டு வரையறைகளை அப்படியே எடுத்துக்கொண்டால், வேலுத்தம்பியும் வைகுண்டரும் ஒரே கூடையில் விழுவார்கள்: இருவருமே மேலே இருப்பவர்களைச் சீர்கெட்டவர்கள் என்றார்கள், இருவருமே மக்களின் பெயரால் பேசினார்கள், முல்லரின் அளவுகோலில் தம்மை அவதாரம் என்றே அறிவித்த வைகுண்டர் வேலுத்தம்பியைவிட ஆபத்தானவராகவும் தெரியக்கூடும். கோளாறு அந்த இரண்டு தட்டுப் படத்தில் இருக்கிறது. 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர் இந்தியச் சமுதாயத்தின் அடிப்படையைப் ‘படிநிலைச் சமத்துவமின்மை’ என்று குறிப்பிட்டார். அதாவது, இங்கே ஒடுக்குபவர் ஒடுக்கப்படுபவர் என்று இரு பிரிவு மட்டும் இல்லை. ஏணியில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவர், கீழே ஒருவர். மேலே இருப்பவரை இழுத்துப்போட ஆசைப்படுபவர், தமக்குக் கீழே இருப்பவர் ஏறிவருவதைக் கண்டு நடுங்கவும் செய்கிறார். ஆகையால் லக்லாவின் சங்கிலி இங்கே ஓரிரு கண்ணியோடு அறுந்துவிடுகிறது. சாணார் பெண்களின் மேலாடை உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலகம் முடிவுக்கு வந்த விதம் இதை அப்பட்டமாகக் காட்டும். பல பத்தாண்டுப் போராட்டத்துக்கும் சென்னை ஆளுநர் டிரெவெல்யனின் நெருக்கடிக்கும் பிறகு 1859 ஜூலை 26இல் வந்த அரசறிக்கை சாணார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று இசைந்தது. கூடவே, மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் அணியக் கூடாது என்றும் சொன்னது. அம்பேத்கர் அதே உரையில் அரசியலில் தலைவர் மீது பக்தி செலுத்துவது சர்வாதிகாரத்தில் முடியும் என்றும் எச்சரித்தார். வைகுண்டர் மீதான பக்தி அரியணையை நாடாமல் கிணற்றோடும் தலைப்பாகையோடும் நின்றதால் அந்த எச்சரிக்கையிலிருந்து தப்பியது என்று சொல்லலாம். அவர் பெயரைக் கட்சி மேடைகளில் பயன்படுத்துவோருக்கு அந்த விலக்கு கிடைக்காது.

ஏணியின் இந்த வடிவம் இருபதாம் நூற்றாண்டிலும் தன் வேலையைச் செய்தது. தமிழக அரசியலை ஆராய்ந்து 1999இல் நூல் எழுதிய நரேந்திர சுப்பிரமணியன், சிறு வணிகர், சிறு உழவர் போன்ற இடைநிலையினருக்குத் தன்னம்பிக்கையும் உரிமையும் கொடுத்த தி.மு.க.வின் வெகுஜனவாதத்தையும், ஏழைகளையும் பெண்களையும் காக்கும் வள்ளலாகத் தலைவரை நிறுத்திய அ.தி.மு.க.வின் வெகுஜனவாதத்தையும் இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். கன்னியாகுமரி மாவட்டம் இந்த இரண்டுக்கும் எளிதில் பிடிகொடுத்ததில்லை. 1967இல் தி.மு.க. அலையில் காங்கிரஸ் மாநிலமெங்கும் அடித்துச் செல்லப்பட்டபோது நாகர்கோவில் மக்களவைத் தொகுதி காங்கிரசின் மார்ஷல் நேசமணியைத் தேர்ந்தெடுத்தது. அவர் மறைவுக்குப் பின் 1969 இடைத்தேர்தலில், விருதுநகரில் தோற்றிருந்த காமராசரைத் தேர்ந்தெடுத்தது. 1971இல் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தது. 1996இல் தமிழ்நாட்டின் முதல் பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினரை அனுப்பியதும் இம்மாவட்டத்தின் பத்மநாபபுரமே. மத எண்ணிக்கை, மிஷன் கல்வி, மலையாளத் தொடர்பு என்று இதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: பிராமணர் அல்லாதார் என்ற பெயரில் திராவிட இயக்கம் கோத்த சங்கிலி இங்கே வேலை செய்ய வழியில்லை, ஏனென்றால் தெற்குத் திருவிதாங்கூரில் பனையேறிக்கும் உழவுக்கூலிக்கும் கண்முன் நின்ற ஆண்டை பெரும்பாலும் பிராமணர் அல்லாதவர்தான்.

இங்கே ஓடிய சங்கிலி மொழியினால் ஆனது. தமிழ் பேசும் தெற்குத் திருவிதாங்கூரைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசைத் தலைமையேற்று நடத்திய நேசமணி, நாகர்கோவில் வழக்கறிஞர்களிடையே சாதிக்கொரு தண்ணீர்ப்பானை இருந்ததை எதிர்த்து உடைத்தவர் என்று இன்றும் நினைவுகூரப்படுகிறார். முத்திரிக்கிணறும் அந்தப் பானையும் ஒரே வழக்கின் இரு வாய்தாக்கள். தமிழர் என்ற பெயர் நாடாரையும் வெள்ளாளரையும் கடலோரத்தாரையும் ஒரு கொடிக்கீழ் நிறுத்தியது. அந்தப் பெயருக்குள் முழுச் சமத்துவம் இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் அது எந்தச் சாதியையும் வெளியே நிறுத்திக் கதவடைக்கவில்லை. இதற்கு எதிரே இருந்ததும் மக்கள் பெயரில் நடந்த ஆட்சியே. 1954 தேர்தலுக்குப் பின், இப்பகுதி அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் பட்டம் தாணு பிள்ளை தலைமையில், காங்கிரசின் வெளி ஆதரவோடு, பிரஜா சோஷலிஸ்ட் கட்சி அமைச்சரவை அமைத்தது. பிரஜா என்றாலே குடிமக்கள்தான். அந்த ஆண்டு ஆகஸ்ட் 11இல் தாய்த் தமிழகத்தோடு இணைவதற்காக நடந்த போராட்டத்தின்போது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் பலர் இறந்தார்கள்.

அப்போது அக்கட்சியின் அகில இந்தியப் பொதுச்செயலராக இருந்த ராம் மனோகர் லோகியா உத்தரப்பிரதேசத்தில் நைனிச் சிறையில் இருந்தார். அங்கிருந்தே, ஆயுதமற்ற மக்களைச் சுட்ட சோஷலிஸ்ட் அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்று தம் சொந்தக் கட்சியின் முதலமைச்சருக்கு எதிராகக் கோரிக்கை வைத்தார். வெகுஜனவாதத்தை அளக்க அரசியல் தத்துவம் இதுவரை கண்ட எந்த வரையறையையும்விட இந்தக் கோரிக்கை பயனுள்ளது. மக்களின் பெயரால் பேசுவதை லோகியா குற்றமாக்கவில்லை, அவரும் வாழ்நாளெல்லாம் அப்படித்தான் பேசினார். பேசியவர் அந்த மக்களிடமே கணக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்டார், அந்த மக்கள் வேறு மொழி பேசி எதிரணியில் நின்றாலும். வேலுத்தம்பியிடம் 1804இல் படைவீரர்கள் கேட்டதும், வேறொரு மொழியில், அந்தக் கணக்கைத்தான். கட்சி லோகியாவின் பேச்சைக் கேட்கவில்லை. அவர் பொதுச்செயலர் பதவியை விட்டார். 1955இல் கட்சியே பிளந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு சேர்ந்தன. பட்டம் தாணு பிள்ளையின் அமைச்சரவை, துப்பாக்கிச் சூட்டுக்குப் பொறுப்பேற்று விலகவே இல்லை; 1955 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்ற பிறகுதான் அது பதவியை விட்டு இறங்கிற்று.